அப்பாவுக்கு வைத்த சோறும் சொறிபிடித்த லிங்க்ஸும்

1

போன செவ்வாய்க்கிழமை அப்பாவின் திதி. இந்த வருஷம் நான் காக்காய்க்குச் சோறு வைக்கவில்லை. படையல் போட்டோம், விழுந்து கும்பிட்டோம், இலையில் இருந்ததை வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து நாங்கள் சாப்பிட்டுவிட்டோம். ஓசூரில் இருக்கும் என் தம்பி சேகருக்கு இது தெரிந்ததும் போனிலேயே குதித்தான். "ஏண்ணே, வெளிநாடு போனா எல்லாத்தையும் விட்டுருவியா? அப்பா பட்டினியா போவாரே" என்றான். அவன் கேட்டதில் தப்பில்லை. அவன் இடத்தில் நான் இருந்தால் இன்னும் நாலு வார்த்தை சேர்த்துத் திட்டியிருப்பேன்.

ஆனால் சங்கதி வேறே. அதைப் போனில் சொல்லி மாளாது. சேகருக்கும், அவனை மாதிரி ஊரில் உட்கார்ந்துகொண்டு என்னைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிட்டவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். நடுவில் என் மேல் கோபம் வரும். கடைசிவரை படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்காக ஒரு வரி. பெயர் முருகேசன். ஓசூர் தொழிற்பேட்டையில் டூல் ரூமில் தொழில் பழகியவன். பதிமூன்று வருஷமாக சுவிட்சர்லாந்தில், மலையடிவாரத்து ஊர் ஒன்றில், கிரைண்டிங் மிஷின் முன்னால் நிற்கிறேன். மனைவி தேவி கிருஷ்ணகிரிக்காரி, இங்கே முதியோர் இல்லத்துச் சமையல்கட்டில் வேலை செய்கிறாள். மகள் கயலுக்குப் பதினைந்து வயசு. பிறந்தது ஓசூரில். இரண்டு வயசில் இங்கே வந்தவள்.

2

அப்பா இறந்தபோது நான் போகவில்லை. போக முடியவில்லை என்பதுதான் சரி. ஆனாலும் என் வாயில் அது எப்போதும் "போகவில்லை" என்றுதான் வருகிறது.

அந்தச் சமயம் வேலை அனுமதியைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன். பாஸ்போர்ட் அந்த அலுவலகத்தில் மாட்டிக்கொண்டிருந்தது. கவுன்டரில் போய் நின்று, என் ஓட்டை ஜெர்மனில் அப்பா செத்துவிட்டார் என்று சொன்னேன். அந்த அம்மாள் எழுந்து நின்று கைகொடுத்து அனுதாபம் சொன்னார். அப்புறம் உட்கார்ந்து, கோப்பு வேறொரு மேசைக்குப் போய்விட்டது, மூன்று வேலை நாள் ஆகும் என்றார். நடுவில் சனி ஞாயிறு வேறு. பாஸ்போர்ட் கையில் வந்த அன்றைக்கு அங்கே சேகர் மூன்றாம் நாள் காரியத்தையும் முடித்துவிட்டான்.

அப்பா சாத்தூர்ப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காக ஓசூர் வந்து, வார்ப்படப் பட்டறையில் இருபத்தைந்து வருஷம் வெந்தவர். சாப்பாட்டில் குறை வைக்கமாட்டார். கறி இல்லாத ஞாயிற்றுக்கிழமையை அவர் ஞாயிற்றுக்கிழமையாகவே ஒத்துக்கொண்டதில்லை. தெற்கத்தி நெத்திலிக் கருவாடும் வேண்டும், ஓசூரில் பழகிக்கொண்ட கேழ்வரகுக் களியும் வேண்டும். இரண்டையும் ஒரே தட்டில் பிசைந்து சாப்பிடுகிற ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

முதல் திதிக்கு இதையெல்லாம் சமைத்து பால்கனியில் வைத்தோம். இங்கேயும் காக்காய் உண்டு. நம்ம ஊர்க் காக்காயைவிடக் கொழுத்தது. கா கா என்று நான் தொண்டை கிழியக் கூப்பிட்டேன். அது எதிர்வீட்டுக் கூரையில் உட்கார்ந்து என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பறந்துபோனது. அடுத்த வாரம் கட்டட நிர்வாகத்திலிருந்து கடிதம் வந்தது. பால்கனியில் பறவைகளுக்கு உணவு வைக்கக்கூடாது, சத்தமும் போடக்கூடாது, மனமார்ந்த வணக்கங்களுடன். இங்கே திட்டும்போதும் மனமார்ந்த வணக்கத்தோடுதான் திட்டுவார்கள்.

அதனால் மறுபடி சமைத்து எடுத்துக்கொண்டு காட்டோரம் போனேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஐந்து நிமிஷம் நடந்தால் காடு. பாதையோரமாக ஒரு தட்டைக் கல் இருந்தது. அதன் மேல் எவர்சில்வர் தட்டை வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் தட்டு கழுவிவைத்த மாதிரி இருந்தது. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்ல? மிஷின் முன்னால் நின்று தனியாகச் சிரித்தேன். பக்கத்து மிஷின்காரன் உடம்பு சரியில்லையா என்று கேட்டான்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அடுத்து அமாவாசைக்கு அமாவாசை வைத்தேன். அப்புறம் சனிக்கிழமை. அப்புறம் கறிக்குழம்பு மீந்த நாளெல்லாம். ஒருநாள் சாயங்காலம் திரும்பிப் பார்த்தபோது நரி ஒன்று தட்டை நக்கிக்கொண்டிருந்தது. இருக்கட்டுமே என்று நினைத்தேன். காக்காய் ரூபத்தில் வருகிற அப்பா நரி ரூபத்தில் வரமாட்டாரா? ஒன்று இரண்டானது, இரண்டு மூன்றானது. அஞ்செட்டி மலைப்பாதையில் வண்டியை நிறுத்திக் குரங்குக்கு வாழைப்பழம் போட்டுவிட்டுப் புண்ணியம் கட்டிக்கொண்டதாக நினைத்த ஆள்தானே நான். இதையும் அந்தக் கணக்கில்தான் சேர்த்தேன்.

காட்டுக்குள் நுழைகிற இடத்தில் ஒரு பலகை உண்டு. அதில் காட்டு மிருகங்களுக்குத் தீனி வைப்பது தடை என்று எழுதியிருக்கிறது. எனக்குப் படிக்கத் தெரியாமல் இல்லை. ஏழு வருஷமாக அந்தப் பலகையைத் தாண்டிப் போனேன், படிக்கவில்லை.

3

கயலுக்கு லிங்க்ஸ் பைத்தியம். லிங்க்ஸ் என்றால் என்ன என்று கேட்பீர்கள். பூனையைச் சிறுத்தையாக்கப் புறப்பட்ட ஆண்டவன் பாதியில் வேலையை விட்டுவிட்ட மாதிரி ஒரு மிருகம். முழங்காலுக்கு மேல் உயரம், கட்டை வால், காது நுனியில் கறுப்பாக ஒரு மயிர்க்குச்சு, பனியில் புதையாமல் நடக்க அகலமான பாதம். சாப்பாடு பெரும்பாலும் மான். மனுஷன் கண்ணில் படாது. நான் இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை.

இந்த நாட்டில் நூறு வருஷத்துக்கு முன்னாலேயே அதைச் சுட்டுத் தீர்த்துவிட்டார்கள். பிறகு புத்தி வந்து, கிழக்கே வேறொரு மலையிலிருந்து சிலவற்றைப் பிடித்துவந்து விட்டார்கள். இப்போது இருப்பவை எல்லாம் அந்தச் சிலவற்றின் வம்சம். ஒன்றுக்கொன்று சொந்தம் என்பதால் பரம்பரைக் கோளாறு வருமோ என்று பயப்படுகிறார்கள். வேட்டைக்காரர்களுக்கு அதன் மேல் கடுப்பு, செம்மறி வளர்ப்பவர்களுக்கும் கடுப்பு. அஞ்செட்டிப் பக்கம் நாட்றாம்பாளையத்தில் சிறுத்தை ஆட்டைத் தூக்கினால் அங்கே என்ன பேச்சு நடக்குமோ அதே பேச்சு இங்கே ஜெர்மனில் நடக்கும்.

எங்கள் பகுதி வனக்காவலர் பெயர் உர்ஸ். அறுபதை நெருங்கியவர், அளந்து பேசுவார். காட்டுப்பாதைகளில் மரத்துக்கு மரம் தானியங்கி கேமரா கட்டிவைத்திருக்கிறார். எது குறுக்கே போனாலும் பளிச்சென்று படம் எடுத்துவிடும். பிலிமைக் கழுவக் கொடுத்து வாங்கி, உறையைப் பிரிக்காமலே நெகட்டிவ்வோடு பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் கொடுப்பார். லிங்க்ஸின் உடம்பில் இருக்கிற புள்ளிகள் நம்ம கைரேகை மாதிரி, ஒன்றுக்கு இருப்பது இன்னொன்றுக்கு இருக்காது. எந்தப் படத்தில் எந்த லிங்க்ஸ் என்று பிள்ளைகள் ஒப்பிட்டுச் சொல்வார்கள். கயல் இதில் கெட்டிக்காரி.

என்னோடு அவளுக்குப் பேச்சு குறைந்துபோய் இரண்டு வருஷம் ஆகிறது. நான் தமிழில் கேட்பேன், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். தமிழ் பேசினால் தப்பு வருகிறதென்று கூச்சம். சுவரில் இருக்கிற அப்பா படத்தைப் பார்த்து ஒருமுறை "தாத்தா நல்லா சிரிக்குது" என்றாள். மாடு கன்றுகளைச் சொல்கிற மாதிரி சொல்லாதே என்று நான் கத்தினேன். அதிலிருந்து தாத்தாவைப் பற்றி அவள் பேசுவதே இல்லை. என் வாய்க்கு வந்த கேடு.

போன டிசம்பரில் மலைக்கு அந்தப் பக்கம் ஒரு மாட்டுத் தொழுவத்தில் பட்டப்பகலில் ஒரு பெண் லிங்க்ஸ் படுத்திருப்பதை விவசாயி ஒருவர் பார்த்தார். கூட ஒரு குட்டி. தாய்க்கு முகமெல்லாம் பொருக்குத் தட்டி, ஒரு கண் மூடிக்கிடந்ததாம். அவர் கூப்பிட்ட ஆள் வருவதற்குள் இரண்டும் போய்விட்டன.

அன்றைக்குக் கயல் சாப்பிடவில்லை. என்னம்மா என்று தேவி கேட்டதற்கு, தட்டுத் தடுமாறித் தமிழிலேயே சொன்னாள். "அதுக்குச் சொறி. சின்னப் பூச்சி, தோலுக்குள்ள ஓட்டை போட்டுப் போகும். முடி எல்லாம் போச்சு. வெளியில பனி. கண்ணு தெரியலைன்னா மான் பிடிக்க முடியாது. அது செத்தா குட்டியும் செத்துரும், குட்டிக்கு இன்னும் வேட்டை தெரியாது."

"எங்கேருந்து வந்துச்சு சொறி?" என்று கேட்டேன்.

"நரிகிட்ட இருந்து" என்றாள். என்னைப் பார்க்காமல் தட்டைப் பார்த்துச் சொன்னாள். வருத்தத்தில் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

உர்ஸ் அந்தத் தொழுவத்தைச் சுற்றிப் பெட்டிப் பொறி வைத்தார். பிடித்தால் ஊசி போட்டுக் குணப்படுத்திவிடலாமாம். ஆனால் பிடிக்க வேண்டும். ஒரு வாரம் போனது, இரண்டு வாரம் போனது, பெட்டிகள் காலியாகவே இருந்தன.

4

எனக்கு ஒரு வழக்கம். ஏதாவது பிடிபடவில்லை என்றால் பஷீருக்குப் போன் போடுவேன். பஷீரும் நானும் ஒன்றாக அப்ரண்டிஸ் இருந்தவர்கள். ஃபேக்டரி வேலை சரிப்படாமல் அவன் தன் அப்பாவின் ஆட்டு வியாபாரத்துக்கே திரும்பி, கெலமங்கலம் சந்தையில் இப்போது பெரிய ஆள். போன் கார்டைச் சுரண்டி நம்பரை அடித்தேன்.

"என்னாப்பா முருகேசா, ஊட்டா ஆய்த்தா?" என்று ஆரம்பித்தான். கன்னடத்தில் சாப்பாடு விசாரித்துவிட்டுத் தமிழில் வாருவது அவன் பாணி.

"பஷீரு, ஆட்டுக்குச் சொறி வந்தா என்னா பண்ணுவ?"

"அங்க ஆடு வாங்கிட்டியா? எத்தினி உருப்படி?"

"ஆடு இல்லப்பா, ஒரு பூனை. காட்டுல இருக்கற பூனை. சிறுத்தைக் குட்டி சைசு இருக்கும்."

"மத்தியானத்துலயே ஆரம்பிச்சிட்டியா?" என்றான். நான் விஷயத்தைச் சொன்னேன். அதற்குமேல் அவன் கேலி செய்யவில்லை. நோய் என்றால் பஷீர் வேறு ஆள்.

"வேப்பெண்ணெயில கந்தகத்தக் கொழச்சுத் தடவலாம். உங்க டாக்டருங்க ஊசி வச்சிருப்பாங்க, அது இன்னும் நல்லது. ஆனா மருந்து ரெண்டாவதுப்பா. மொதல்ல தீனி வெக்கிற எடத்தப் பாக்கணும். போன வருசம் பேரிகைல ஒருத்தரு மந்தை பூராச் சொறி. என்னா ஏதுன்னு போய்ப் பாத்தா, எல்லாத்துக்கும் ஒரே தொட்டி. நோவு வந்தது தொட்டியில ஒரசிட்டுப் போவுது, நல்லா இருக்கறது வந்து அதே எடத்துல ஒரசுது. அந்தத் தொட்டிய மொதல்ல ஒடைங்கன்னேன். காட்டுல அதது தனித்தனியாத் திரியுது, அதுங்களுக்கு ஏது தொட்டி? அத மட்டும் கேட்டுப் பாரு."



"முருகேசா, லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்" என்றேன். கார்டில் இன்னும் நேரம் இருந்தது. நான் போனை வைத்துவிட்டேன்.

ஏழு வருஷமாக அந்தக் காட்டுக்குத் தொட்டி கட்டி வைத்தவன் நான்தான்.

5

தேவி வேலை முடிந்து வந்ததும் சமையலறையில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பஷீர் சொன்னது, கல், நரி எல்லாம். பக்கத்து அறையில் கயல் இருந்தாள். நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எழுந்து வந்தாள். கையில் ஒரு கணக்குப் புத்தகம். அதற்குள்ளிருந்து மூன்று படங்களை எடுத்து மேசையில் வைத்தாள்.

முதல் படத்தில் நான். வேட்டி, மேலே குளிர்ச்சட்டை, தலையில் கம்பளிக் குல்லா, கையில் தட்டு. கண்ணை மூடி வாயைத் திறந்திருக்கிறேன். கா கா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்திருப்பேன். கல்லுக்கு எதிர் மரத்தில் பச்சைப் பெட்டி ஒன்று புதிதாக இருந்ததை நான் கவனித்திருந்தேன். கரண்ட் பெட்டி என்று நினைத்தேன். அன்று பளிச்சென்று வெட்டியதை மின்னல் என்று நினைத்து வேகமாக வீட்டுக்கு நடந்தேன். டிசம்பரில் மின்னல் எங்கிருந்து வரும் என்று யோசிக்கத் தோன்றவில்லை.

இரண்டாவது படத்தில் இரண்டு நரி. ஒன்றின் வால் எலி வால் மாதிரி முடியில்லாமல் இருந்தது.

மூன்றாவது படத்தில் அந்தத் தாய் லிங்க்ஸ் இருந்தாள். கல்லின் மேல் மூக்கை வைத்திருந்தாள். முகத்தில் பாதி வெந்துபோன மாதிரி இருந்தது. பின்னால் புதருக்கு மேலே குட்டியின் இரண்டு காதும் தெரிந்தன.

"உர்ஸ் தேடறது மலைக்கு அந்தப் பக்கம்" என்றாள் கயல். "அது இந்தப் பக்கம் வருது. எனக்குத் தெரியும். ரெண்டு வாரமாத் தெரியும். நெகட்டிவ்வையும் வெட்டி எடுத்துட்டேன்."

"ஏம்மா சொல்லல?"

அதற்குத் தமிழில் அவளிடம் வார்த்தை இல்லை. ஜெர்மனில் கொட்டினாள். அடுத்த மாதம் எங்களுக்குக் குடியுரிமை நேர்காணல். சட்டத்தை மீறியவர்களுக்குத் தரமாட்டார்கள் என்று பள்ளிக்கூடத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். என்னை இந்தியாவுக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று இவளாகவே முடிவு கட்டிக்கொண்டாள். ஒரு பக்கம் அப்பன், ஒரு பக்கம் அந்த மிருகம். இரண்டு வாரமாக அவள் சாப்பிடாததற்கும் தூங்காததற்கும் காரணம் இதுதான். நான் பருவக்கோளாறு என்று நினைத்திருந்தேன்.

தேவி படங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "என்னங்க, மூணாவது படத்தை மட்டும் பேரில்லாம தபால்ல போட்டுருங்க. அவங்க வந்து புடிச்சுக்கட்டும். உங்க படம் எதுக்கு? பதிமூணு வருசம் வரிசையில நின்னிருக்கோம்" என்றாள். பயந்துதான் சொன்னாள், கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. ஒரு உறையைக்கூட எடுத்துவிட்டேன்.

அப்போது கயல் கேட்டாள். "உர்ஸ் என்கிட்ட கேட்டா நான் என்ன சொல்லணும்?"

அந்த உறையை வைத்துவிட்டேன். பொய்யே சொல்லத் தெரியாத பிள்ளை. எனக்காக முதல் பொய்யை அவளாகவே சொல்லிவிட்டாள். இரண்டாவதை நான் சொல்லிக்கொடுத்துவிட்டு அப்புறம் குடியுரிமை வாங்கி என்ன பிரயோசனம்? "சட்டையை மாட்டு, இப்பவே போலாம்" என்றேன். தேவி படங்களை எடுத்துக் கணக்குப் புத்தகத்துக்குள் வைத்தாள். பிறகு அவளும் பூட்ஸை மாட்டிக்கொண்டு வந்தாள்.

6

உர்ஸ் வீட்டிலேயே ஒரு அறையை அலுவலகமாக வைத்திருக்கிறார். படங்களை அவர் மேசையில் வைத்தேன். நான்தான் மகளிடமிருந்து பிடுங்கி ஒளித்துவைத்தேன் என்று சொல்லலாமென்று வழியெல்லாம் ஜெர்மனில் வாக்கியம் கட்டிக்கொண்டு போயிருந்தேன். வாயைத் திறப்பதற்குள் கயல் முந்திக்கொண்டாள். ஒளித்தது நான் என்றாள். அவர் அவளை வெகுநேரம் பார்த்தார். திட்டவில்லை. அதுவே அவளுக்குப் போதுமான தண்டனையாக இருந்தது.

பிறகு என்னிடம் திரும்பினார். "ஏன் தீனி வைத்தீர்கள்?"

பதிமூன்று வருஷத்து ஜெர்மனில் எனக்கு மிஷின் பற்றி எதையும் பேச வரும். இதைப் பேச வரவில்லை. "என் அப்பாவுக்கு" என்றேன்.

"உங்கள் அப்பா எங்கே இருக்கிறார்?"

"இறந்துவிட்டார்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். கயல் என் பக்கம் திரும்பி, "என்னப்பா சொல்றீங்க?" என்று தமிழில் கேட்டாள். அப்போதுதான் உறைத்தது. நான் இதை அவளுக்கு ஒருநாளும் சொன்னதில்லை. அப்பா நரிக்குச் சோறு போடுகிற கிறுக்கன் என்றே இவள் இவ்வளவு நாளும் நினைத்திருக்கிறாள்.

அந்த அறையிலேயே சொன்னேன். தாத்தா செத்தபோது பாஸ்போர்ட் கவுன்டரில் இருந்தது, கொள்ளி வைக்க நான் இல்லை, கறியில்லாமல் சாப்பிடாத மனுஷன், அவருக்கு நான் செய்ய முடிந்தது இது ஒன்றுதான் என்று. தேவி என் முதுகில் கை வைத்தாள். கயல் அதை உர்ஸுக்கு ஜெர்மனில் சொன்னாள். நான் சொன்னதைவிட அவள் அதிக நேரம் பேசினாள். என்னவெல்லாம் சேர்த்துச் சொன்னாளோ தெரியாது. நடுவில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

உர்ஸ் கேட்டுவிட்டு, "நான் என் அம்மாவின் கல்லறையில் பூ வைக்கிறேன். உங்களுக்குக் கல்லறை கிடைக்கவில்லை, கல்தான் கிடைத்திருக்கிறது" என்றார். அப்புறம் குரலை மாற்றாமல், "இனிமேல் வைக்கக்கூடாது. அறிக்கை எழுதவேண்டும். அபராதம் வரும். இப்போது சொல்லுங்கள், எந்தெந்த நாள் வைப்பீர்கள், எந்த நேரம், எந்தப் பக்கத்திலிருந்து நரி வரும்?" என்றார். ஒரு மணி நேரம் கேட்டார். நான் சொல்லச் சொல்ல வரைபடத்தில் கோடு போட்டார்.

கிளம்பும்போது நான் கேட்டேன். "அந்தத் தாய் லிங்க்ஸுக்கு நோய் வந்தது என்னாலா?"

"வேறு இடங்களிலும் நரிக்குச் சொறி இருக்கிறது. உங்கள் கல்லில் வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம். அதை யாராலும் சொல்ல முடியாது" என்றார். ஆமாம் என்று சொல்லியிருந்தால் அழுதிருப்பேன், இல்லை என்று சொல்லியிருந்தால் தூங்கியிருப்பேன். இரண்டும் இல்லாமல் இன்றுவரை இருக்கிறேன்.

7

மறுநாளே கல்லைச் சுற்றி மண்ணைச் சுரண்டி எடுத்து, கல்லைக் கொதிநீர் ஊற்றிக் கழுவினார்கள். நானும் போய் வாளி தூக்கினேன். கல்லுக்கு மேலே, அவள் வந்துபோகிற தடத்தில் பெட்டியை வைத்தார்கள். நீளமான மரப்பெட்டி. இரண்டு பக்கமும் திறந்திருக்கும். உள்ளே கால் வைத்தால் மூடிக்கொள்ளும், உர்ஸ் வீட்டில் மணி அடிக்கும்.

நாலு நாள் ஒன்றுமில்லை. வெளியே பனி கொட்டியது. கயல் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் போனைப் பார்ப்பாள், பிறகு என்னைப் பார்ப்பாள். என்னைக் குறை சொல்லாமல் அவள் பார்த்த பார்வைதான் தாங்கமுடியாததாக இருந்தது. உடம்பில் முடியில்லாத ஒரு தாய் அந்தக் குளிரில் எங்கே படுத்திருப்பாளோ என்று மிஷினில் நிற்கும்போதெல்லாம் நினைத்தேன். இரண்டு பீஸைக் கெடுத்துவிட்டு மேஸ்திரியிடம் வாங்கிக்கட்டிக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் காலையில் உர்ஸ் கூப்பிட்டார். அவள் பெட்டிக்குள் இருக்கிறாள். குட்டி வெளியே பனியில் பெட்டியை ஒட்டிப் படுத்திருந்ததாம், ஆட்களைப் பார்த்துத்தான் ஓடியதாம். அதைப் பிடிக்காமல் தாயை எடுத்துப்போனால் அது பிழைக்காது. பக்கத்திலேயே இன்னொரு பெட்டி வைத்து, தாய் படுத்திருந்த வைக்கோலை அதில் போட்டார்கள். அன்று பொழுது சாய்வதற்குள் வாசனை பிடித்துக் குட்டியும் உள்ளே வந்துவிட்டது.

மருத்துவர் எடை பார்த்ததில் அவள் இருக்கவேண்டியதில் பாதியை விடக் கொஞ்சம்தான் கூட இருந்தாளாம். முதல் வாரம் பிழைப்பாளா என்று அவருக்கே நம்பிக்கை இல்லை. ஊசி, மறுபடி ஊசி, மான் இறைச்சி, மனுஷ வாடை படாத கூண்டு. கயல் ஒவ்வொரு நாளும் போன் செய்து கேட்டு, என்னிடம் வந்து தமிழில் சொல்வாள். "இன்னைக்கு நின்னுச்சு." "இன்னைக்கு குட்டிய நக்கிச்சு." "கண்ணு திறந்துருச்சுப்பா." அவள் தமிழைத் திருத்துகிற வேலையை நான் விட்டுவிட்டேன்.

இடையில் நேர்காணல் வந்தது. அபராதக் கடிதத்தின் நகல் என் கோப்பில் இருந்தது. தாடிக்காரர் ஒருவர் அதை எடுத்து, இதற்கு என்ன சொல்கிறீர்கள் என்றார். தப்பு என்னுடையது, பலகையைப் படிக்கவில்லை என்றேன். எழுதிக்கொண்டார். பதில் இன்னும் வரவில்லை. வந்தால் வரட்டும்.

8

மார்ச் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அவர்களைத் திரும்பக் காட்டில் விட்டார்கள். எங்கள் ஊரிலிருந்து தள்ளி, மேலே மான் நடமாட்டம் இருக்கிற சரிவில். உர்ஸ், மருத்துவர், கயலின் வகுப்புப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர், மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு ஒரு வேட்டைக்காரர், அப்புறம் நாங்கள் மூன்று பேர். எல்லோரும் பெட்டிக்குப் பின்னால் நின்றோம்.

கதவைத் தூக்கியதும் குட்டிதான் முதலில் வந்தது. அது இப்போது குட்டியே இல்லை, தாய்க்குத் தோள் உயரம் வந்துவிட்டது. தாய் வரவில்லை. ரொம்ப நேரம் உள்ளேயே இருந்தாள். கயல் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு ஒரு பாதம் வெளியே வந்தது, பிறகு முகம். இரண்டு கண்ணும் திறந்திருந்தன. கழுத்தில் புது முடி குட்டையாக, வேறு நிறத்தில் வளர்ந்திருந்தது. காது நுனியில் குச்சு இன்னும் முளைக்கவில்லை. பெட்டியைவிட்டு இறங்கி இருபது அடி நடந்தவள் நின்று, தலையைத் திருப்பாமல், காதை மட்டும் எங்கள் பக்கம் சாய்த்தாள்.

தேவிக்குக் கண்ணில் தண்ணீர் நின்றது. பெண்ணைப் புருஷன் வீட்டுக்கு அனுப்புகிற மாதிரி, சத்தமில்லாமல், "போயிட்டு வாம்மா" என்றாள். வேணுமென்று சொல்லவில்லை. வாசலைத் தாண்டுகிற யாருக்கும் நாம் சொல்வது அதுதானே. வேறு மாதிரி சொன்னால் அபசகுனம். என்னை ஓசூரிலிருந்து அனுப்பிவைத்தவர்கள் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள், நானும் எல்லோருக்கும் அதைத்தான் சொல்லிவந்திருக்கிறேன்.

எனக்கு அந்த 'வா'தான் காதில் நின்றது. அவள் திரும்பி வருவதென்றால் எங்கள் பக்கம் வருவாள். எங்கள் பக்கம் வந்தால் நோயோடுதான், பசியோடுதான் வருவாள்.

"வராத தாயி" என்றேன். "எங்க பக்கம் வரவே வராத."

தேவி திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள். கயல் பார்க்கவில்லை. மரங்களையே பார்த்துக்கொண்டு, தனக்குள் சொல்லிக்கொள்கிற மாதிரி, "ஆமா. வராத" என்றாள்.

அவர்கள் இரண்டு பேரும் சரிவில் ஏறிப் போய்விட்டார்கள்.